சாமி இல்லாத கோட்டை

சரோஜா அக்காவின் அழைப்பு வந்தபோது நான் பாறசாலை பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். "மேபல் போயாச்சு மக்கா. உறக்கத்திலயாக்கும்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். எதற்கு என்று தெரியவில்லை. வெயில் நன்றாக இருந்தது.

தனுவச்சபுரத்தில் மேபல் அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு வராத மாணவர்கள் குறைவு. ஆனால் நான் நினைப்பது மலையில் நின்ற மேபல் அக்காவை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வேன் நிறையப் பெண்களை ஏதாவது இடிந்த கோட்டைக்கோ கூரையில்லாத பங்களாவுக்கோ கூட்டிக்கொண்டு போவார். சாமிக்கு நேர்ச்சை செலுத்த அல்ல. பார்க்க.

முதல் இடம் கள்ளிக்காட்டுக்கு மேலே, ரப்பர் தோட்டங்களைக் கடந்து, பெயர் தெரியாத ஒரு கோட்டை. மூன்று சுவர்கள், ஒரு வாசல். கீழே அணையின் நீர். வாசலில் சரோஜா அக்கா பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்த நாங்கள் அனைவரும் கழற்றினோம். மேபல் அக்கா சிரித்துச் சிரித்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஏ பிள்ளேளா, செருப்பப் போடுங்க. முள்ளு கேறும்."

கோயில், தேவாலயம் என்றால்தான் எங்கள் வீடுகளில் அனுப்புவார்கள். அதனால் இந்துக்களின் வீடுகளில் மலையம்மன் என்றும் கிறிஸ்தவர்களின் வீடுகளில் மலைமாதா என்றும் சொல்லியிருந்தோம். திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரையில் வண்டியை நிறுத்தி, பூவும் பழமும் குங்குமமும் மெழுகுவர்த்தியும் வாங்கிப் பிரித்துக்கொள்வோம். யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் வினையாயிற்று.

சரோஜா அக்காவின் கணவர் கிருஷ்ணன் அண்ணன் மகளுடைய வேலைக்காக மலையம்மனிடம் வேண்டிக்கொண்டார். வேலை கிடைத்தது. அடுத்த பயணம் மறுபடி அதே கோட்டைக்கு; அன்று பட்டும் தேங்காயுமாக வேனில் ஏறி உட்கார்ந்தார். விஷயம் தெரிந்தால் அண்ணன் இனி சரோஜா அக்காவை வாசல் தாண்ட விடமாட்டார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவு மூடும்.

பின் இருக்கையில் ரகசிய ஆலோசனை. ஒரு கல்லில் குங்குமம் பூசினால் போதும் என்றது ஒரு குரல். நானும் ஆமோதித்தேன். மேபல் அக்கா மட்டும் மறுத்தார். "கள்ளம் பறஞ்சது வீட்டுல. மலையில வேண்டாம்."

மேலே போனதும் அவரே முன்னால் நின்றார். "அண்ணா, இஞ்ச சாமி ஒண்ணும் இல்ல. செவருதான் உண்டு. நாங்க சும்மா இருக்கதுக்காக்கும் வாறது."

கிருஷ்ணன் அண்ணன் மனைவியைப் பார்த்தார். "நெசமாட்டா?"

சரோஜா அக்கா தலையசைத்தார்.

அண்ணன் சுவரோரம் போய் உட்கார்ந்தார். காற்று. கீழே நீர். திரும்பாமலே கேட்டார்: "பொறவு இந்தத் தேங்காய என்ன செய்ய?"

"ஒடச்சுத் தின்னுவோம். எங்கிட்ட அவல் உண்டு," என்றார் மேபல் அக்கா.

அண்ணனே உடைத்தார். கோட்டைச் சுவரிலேயே. தின்றுகொண்டே கல்லின் அடுக்கைத் தட்டிப் பார்த்தார். இத்தனை கல்லை இந்த மேட்டுக்கு எப்படிச் சுமந்தார்கள் என்று வியந்தார். இறங்கும்போது, அடுத்தது எந்தக் கோட்டை என்று விசாரித்தார். ஆண்களுக்கு இடம் இல்லை என்றார் மேபல் அக்கா. வேன் குலுங்கச் சிரித்தோம். பட்டு ஊர் அம்மனுக்குப் போனது. சரோஜா அக்கா அதற்குப் பிறகு ஒரு பயணத்தையும் விடவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் இதை யாரோ சொல்லத் தொடங்க, துக்கத்தின் நடுவே எல்லோரும் சிரித்தது வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். போதகரும் சிரித்தார்.

மேபல் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது: மகிழ்ச்சிக்குக் காரணம் ஜோடிக்காமல் இருப்பது. என் வீட்டில் மட்டும் அதைச் சொல்லத் தைரியம் வந்ததில்லை. இந்தச் சனிக்கிழமை சொன்னேன். மலைமாதா இல்லை, இடிந்த கோட்டை, பார்க்கத்தான் போகிறேன் என்று.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"நில்லு. சேல மாத்திட்டு வாறேன்."