ஜெபஷீலா உட்கார்ந்து சாப்பிட்ட ஊர்

அனுமந்தன்பட்டியில் ஜெபஷீலாவின் கைச்சோறு சாப்பிடாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவள். சபையில் கல்யாணமோ, ஞானஸ்நானமோ, அறுப்பின் பண்டிகையோ, எதுவானாலும் அடுப்புப் பக்கம் அவள்தான் நிற்பாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அண்டாவுக்குள் துடுப்பைப் போட்டு அவள் கிண்டுகிற வேகத்தைப் பார்த்தால், பக்கத்தில் நிற்கிற ஆண்கள் தாமாகவே விலகிக்கொள்வார்கள்.

கணவர் தேவசகாயம் திராட்சை ஏற்றும் லாரிக்கு ஓட்டுநராக இருந்தார். மகன் கிருபாகரன் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே அவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தனக்குச் சோறு போட ஆளில்லை என்பதை ஜெபஷீலா கவனிக்கவே இல்லை. எல்லோருக்கும் போட்டு முடித்து, சட்டியில் மிஞ்சியதைத் தட்டில் வழித்து, அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். பிள்ளை வளர்ந்து சார்ஜாவுக்கு வேலைக்குப் போனான், திரிஷா மருமகளாக வந்தாள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த நின்ற சாப்பாடு மட்டும் மாறவில்லை.

இப்போதும் மே மாதத்தில் கோடை மழை அடிக்கும்போது அவளுக்கு ஞாபகம் வருவது அந்த உகாண்டாப் பயணம்தான். போய்வந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் போன வாரம் போய்வந்த மாதிரிதான் பேசுவாள்.

சபையில் ஞாயிறு பள்ளி நடத்தும் சொர்ணலதா டீச்சர்தான் முதலில் வந்து கேட்டது.

“ஷீலாக்கா, உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்குல்ல?”

“இருக்கு டீச்சர். சார்ஜாவுக்கு வாம்மான்னு மகன் எடுத்துக் குடுத்தான். பீரோவுல கெடக்கு.”

“உகாண்டாவுக்கு வர்றீகளா? அங்கன ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சமையல்கூடம் கட்டிக் குடுக்கப் போறோம். பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளியும் நடத்துறோம். சமைக்க வர்றேன்னு சொன்னவரு கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டாரு.”

“அது எங்கன இருக்கு?”

“ஆப்பிரிக்காவுல.”

ஜெபஷீலா சிரித்துவிட்டாள். “நான் கொமுளிக்கு அங்கிட்டுப் போனதில்ல டீச்சர். என்னையப் போயி…”

அன்று ராத்திரி மகனிடம் போனில் சொன்னாள். வேண்டாம் என்பான் என்று நினைத்திருக்க, அவன் “போய்ட்டு வாம்மா, ஒரு ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்” என்றான். அதோடு தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

மிளகாய்த்தூள், மல்லித்தூள், இட்லிப்பொடி, புளி என்று பாதிப் பெட்டியை அவள் மளிகையாகவே நிரப்பினாள். வேன் குமுளி மலையேறி நெடும்பாசேரி விமான நிலையம் போய்ச் சேர்ந்தது. விமானம் மேலே கிளம்பியபோது கண்ணை மூடியவள், தரையில் இறங்கும்வரை முழுதாகத் திறக்கவில்லை. சொர்ணலதா டீச்சர் மேகத்தைப் பாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டும் “நீங்க பார்த்துச் சொல்லுங்க, போதும்” என்றுவிட்டாள்.

எண்டெபி விமான நிலையத்தில் இறங்கி, மசாகா என்ற நகரத்தைத் தாண்டி, செம்மண் சாலையில் ஜீப் போனது. இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு. கண்ணுக்கெட்டிய தூரமும் வாழை.

“டீச்சர், சுத்தி அடிச்சு நம்ம சின்னமனூருக்கே கொண்டாந்து விட்டுட்டாகளா?” என்றாள். ஜீப்பே சிரித்தது. அவளுக்கும் அப்போதுதான் நெஞ்சுக்குள் இருந்த பயம் கொஞ்சம் இறங்கியது.

பள்ளிக்கூடத்திலேயே தங்கி, கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவர்களைப் பெஞ்சில் படுக்கவைத்தால் ஊருக்கு அவமானம் என்று வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டார்கள். ஜெபஷீலாவும் சொர்ணலதாவும் நமுகாசா என்ற அம்மாளின் வீட்டுக்குப் போனார்கள். நமுகாசாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. கணவர் இல்லை. மகள் அதே பள்ளியில் ஆசிரியை. மகள் ஆங்கிலத்தில் சொல்வதைச் சொர்ணலதா தமிழில் சொல்வாள். அப்படித்தான் பேச்சு ஓடியது.

வாசலில் கால் வைத்ததும் நமுகாசா இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி மண்டியிட்டு, ஜெபஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஜெபஷீலா பதறிப்போனாள். தன்னைவிட மூத்தவள் தன் முன்னால் மண்டியிடுவதா? அவளும் சட்டென்று எதிரே மண்டியிட்டாள். நமுகாசாவுக்கு அதைவிடப் பதற்றம். அவள் எழவில்லை, இவளும் எழவில்லை. இரண்டு பேரும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். கடைசியில் மகள் வந்து, “இங்கே பெண்கள் இப்படித்தான் வணக்கம் சொல்வார்கள்” என்று விளக்கிய பிறகு, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஜெபஷீலா நேராக அடுப்படிக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கொட்டகை, மூன்று கல் அடுப்பு. நமுகாசா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, முன்னறையில் பாய் விரித்து உட்காரவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனாள். மறுபடியும் பாய். அடுத்த நாளும் அதே கதை. மற்றவர்கள் பள்ளியில் செங்கல் சுமக்கவும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் போய்விட, அங்கே போன ஜெபஷீலாவை, மூச்சு வாங்குகிறது என்று சொல்லி வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் சொர்ணலதா வந்தபோது ஜெபஷீலா அழுதுகொண்டிருந்தாள்.

“என்னக்கா, மேலுக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கேன். வேலை செய்யத்தான வந்தேன்? அந்தம்மா என்னைய அடுப்புக்கிட்டவே விடமாட்டேங்குது. உக்காந்து திங்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீக? எனக்குக் கூசுது டீச்சர்.”

சொர்ணலதா விசாரித்துவிட்டு வந்தாள். “விருந்தாளிய உடனே அடுப்படிக்கு அனுப்புனா, வீட்டுக்காரிக்கு உங்களப் பிடிக்கலன்னு அர்த்தமாம்க்கா. கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க.”

பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் நமுகாசா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றுவாள். வாழைக்காயைத் தோல் சீவி, வாழை இலையிலேயே பொதிந்து வேகவைத்து மசித்திருப்பாள். மஞ்சளாக, மெத்தென்று, ஆவி பறக்க. அதன் மேல் வேர்க்கடலைக் குழம்பு. ஜெபஷீலாவுக்கு முதலில் அது தொண்டையில் இறங்கவில்லை. உப்பும் உறைப்பும் காணாது. ஆனால் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இன்னொருத்தி பரிமாற, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவளே இலையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்த வீட்டில் எல்லோரும் நமுகாசாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள்: “வெபாலே குஃபும்பா, ஞாபோ.” அவளும் பதிலுக்கு ஏதோ சொல்வாள். ஏதோ ஜெபம் என்றுதான் ஜெபஷீலா முதலில் நினைத்தாள்.

“ஜெபம் இல்லக்கா,” என்றாள் சொர்ணலதா. “‘சமைச்சதுக்கு நன்றிம்மா’ன்னு சொல்றாக. அதுக்கு அவுக ‘சாப்பிட்டதுக்கு நன்றி’ங்கிறாக. தெனமும், ஒவ்வொரு வேளையும் சொல்லணுமாம்.”

“தெனமுமா?”

“தெனமும்.”

ஜெபஷீலா தன் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். எத்தனை அண்டாச் சோறு வடித்திருப்பாள்! உப்பு கூடினால் சொல்வார்கள், சோறு குழைந்தால் சொல்வார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருந்தது என்று அவளே புரிந்துகொள்வாள்.

வாரக் கடைசியில் நமுகாசா தானாகவே ஒரு கத்தியையும் ஒரு சீப்பு வாழைக்காயையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். இனி விருந்தாளி இல்லை, வீட்டு மனுஷி. அதற்குப் பிறகு இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. ஒருத்தி தமிழில் பேசுவாள், ஒருத்தி அவள் பாஷையில் பேசுவாள், நடுவில் மொழிபெயர்க்க ஆளே வேண்டியிருக்கவில்லை. ஒரு மழை நாளில் நமுகாசா சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினாள். அவளுடைய கணவர், லாரியின் முன்னால் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஜெபஷீலா அந்த லாரியைத் தொட்டுக் காட்டி, தன் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். நமுகாசா புரிந்துகொண்டு, அவளைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். தகரக் கூரையில் மழை அடித்து ஓயும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

சமையல்கூடம் கட்டி முடிந்த நாளில், முதல் சமையல் ஜெபஷீலாதான் செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். பிள்ளைகளுக்கு வழக்கமாக மக்காச்சோள மாவுக் களியும் சிவப்புப் பயறும்தான். களியை நமுகாசா கிண்ட, பயறுக் குழம்பை ஜெபஷீலா வைத்தாள். பெரிய அடுப்பைக் கண்டதும் அவளுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளை, நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போடுகிற கணக்கில் அள்ளிப் போட்டாள்.

முதல் வாய் வைத்த பிள்ளைகளின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். சிலர் நாக்கை நீட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். ஒரு குட்டிப் பெண் ஓவென்று அழுதாள். ஜெபஷீலா ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டாள்.

“ஐயோ ஆத்தா, பச்சப் பிள்ளைகள அழ வச்சுட்டேனே!”

 நமுகாசா வீட்டுக்கு ஓடி, அரைத்து வைத்திருந்த வேர்க்கடலை விழுது முழுவதையும் பானையோடு தூக்கிவந்து குழம்பில் கொட்டினாள். வெந்நீர் விட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு துடுப்பாகப் போட்டுக் கிண்டினார்கள். கொஞ்சம் கொதித்ததும் நமுகாசா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணை அகலத் திறந்து தலையாட்டினாள். பிள்ளைகள் முதலில் பயந்து பயந்துதான் தொட்டார்கள். பிறகு தட்டை வழித்தார்கள். பானையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்கு இரண்டு சமையல்காரிகளும் ஆளுக்கொரு வாழைப்பழம்தான் சாப்பிட்டார்கள்.

பிள்ளைகள் தட்டோடு எழுந்து நின்று, ஒரே குரலாக ஜெபஷீலாவைப் பார்த்துச் சொன்னார்கள்: “வெபாலே குஃபும்பா, ஞாபோ!”

பதில் சொல்ல வேண்டும். வார்த்தையும் அவளுக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நமுகாசாதான் அவள் சார்பில் உரக்கச் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், போனவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். கட்டிய கட்டடம், பாடிய பாட்டு, வந்த பிள்ளைகள் எல்லாம் சொன்னார்கள். ஜெபஷீலாவின் முறை வந்தது. மைக்கைப் பிடித்து, “எனக்கு அங்கன ஒரு அக்கா உக்கார வச்சுச் சோறு போட்டாக. அதுக்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். 

அன்று மதியம் வீட்டில் திரிஷாதான் சமையல். ஜெபஷீலா தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்து, “நல்லா சமைச்சிருக்க தாயி. ரொம்பச் சிரமம் உனக்கு” என்றாள்.

திரிஷா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். “என்னத்தே, உப்பு கூடிருச்சா?”

“இல்லடி. நல்லா இருக்குன்னுதான் சொல்றேன்.”

“புளியா?”

மாமியார் குத்திக்காட்டவில்லை என்று திரிஷா நம்புவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. நம்பிய பிறகு அவளும் தன் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

நமுகாசாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் வரும். இவளும் அனுப்புவாள். போன ஈஸ்டருக்கு முன்னால், நமுகாசா தூக்கத்திலேயே இறந்துபோனதாக மகள் தகவல் அனுப்பினாள்.  அன்று சாயங்காலம் சொர்ணலதா வந்து ஜெபஷீலாவோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அந்தக் குரல் செய்திகளை ஜெபஷீலா அழிக்கவில்லை. சில மதியங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றைப் போட்டுக் கேட்பாள். கோழி கத்தும், யாரோ தூரத்தில் கூப்பிடுவார்கள், நடுவில் நமுகாசா நிறுத்தாமல் பேசி நிறுத்தாமல் சிரிப்பாள்.

“என்ன சொல்றாக அத்தே?” என்று திரிஷா கேட்பாள்.

“எனக்கென்ன தெரியும்,” என்பாள் ஜெபஷீலா. “முழுசாக் கேளு. கடைசியிலதான் நல்லாச் சிரிப்பாக.”