ஹனீபா காக்காவும் இரண்டு மீன் கள்ளரும்

குடாவில் உள்ள சகல நீர்க்காகங்களுக்கும் இத்தால் அறியத் தருவதாவது: இனி நீங்கள் எந்தக் கம்பிலும் அமர்ந்து பயமின்றிச் செட்டை விரித்துக் காயவைக்கலாம். உங்களை வெருட்டி வந்த, ஊருக்கே அண்ணனான ஹனீபா காக்கா வெள்ளிக்கிழமை மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். கிண்ணியாத் துறையில் இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. அவரும் நம்பியிருக்க மாட்டார்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், தேத்தண்ணீரைக்கூட மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "கண்ணால கண்டாலும் ஒருக்காத் திரும்பிப் பார் மகன்" என்பார்.

அவரும் மூதூர் நடராசா அண்ணனும் ஒரே வலையில் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். அந்தியில் பிடித்த மீனைப் பிரம்புக் கூடைப் பறியில் போட்டு, உயிரோடு இருக்கட்டும் என்று தண்ணீருக்குள் கம்பில் கட்டிவிட்டு வருவார்கள். விடியப் போய்ப் பார்த்தால் மீன் குறைந்திருக்கும். காக்காவின் சந்தேகம் முதலில் நீர்க்காகத்தின் மேல் விழுந்தது. பிறகு மெல்ல நடராசா அண்ணன் மேல். பேச்சு நின்றது. வலையை இரண்டாக வெட்டிப் பிரிக்க நாளும் குறித்துவிட்டார்கள்.

இடையில் நான் புகுந்து அப்புக்காத்து மாதிரி வாதாடினேன். நீர்க்காகம் மீனை முழுதாக விழுங்கும். ஆனால் மூடிய பறியைத் திறக்க அதற்கு ஏலாது. முங்கி எழுந்தால் செட்டையை விரித்துக் காயவைத்தே ஆகவேண்டும். களவெடுத்த கையோடு கொடி பிடிக்கும் கள்ளன் அது. கபரகொய்யா அப்படியல்ல. உடும்பின் மூத்த காக்கா மாதிரி ஆள் நீளம் இருந்தாலும் மூக்கை மட்டும் வெளியே வைத்து நீந்தும். நகத்தால் பறியைக் கிழிக்கும். காயவைக்கச் செட்டையும் இல்லை. ஆகவே கள்ளன் கபரகொய்யாதான்.

காக்கா பறியின் கிழிசலைத் தடவிப் பார்த்தார். "கத்தியாலயும் இப்பிடிக் கிழிக்கலாம்" என்றார். நடராசா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வலை வெட்டுவதற்கு முதல்நாள் விடியற்காலை, மூவரும் ஒரு தோணியில் கண்டல் மரங்களுக்குள் ஒளித்திருந்தோம். கபரகொய்யா வந்து பறியைக் கிழித்தது. தப்பி ஓடிய மீன்களை, வெளியே காத்திருந்த நீர்க்காகம் முங்கி முங்கிப் பிடித்தது. ஒன்றையொன்று அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காக்கா கண்ணால் கண்டதை ஒருக்காத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இதுகள் ரெண்டும் கூட்டுத்தொழில், நடராசா" என்றார்.

"ஓம் காக்கா. ஆளையாள் சந்தேகப்படாததுகள்."

வலை வெட்டப்படவில்லை.

அந்தக் காட்சியைத் துறையில் எத்தனை தரம் அளந்திருப்பேன், கபரகொய்யாவின் நாக்கு எத்தனை முழம் என்பதுவரை. உண்மையில், அது தோணிக்குப் பக்கத்தில் தலையைத் தூக்கியதுமே நான் சாக்குக்கு அடியில் குப்புறப் படுத்துவிட்டேன். மிச்சமெல்லாம் திரும்பி வரும்போது அவர்கள் கதைத்ததைக் கேட்டு அறிந்தது. காக்கா இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஜனாஸா அடக்கத்தில் நடராசா அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் நானே முந்திக்கொள்கிறேன். காக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகம்தான்.