கோரல் நோஸ்கேயின் ஐந்து மணி

சாயந்திரம் ஐந்து மணி ஆனால் கோரல் நோஸ்கே எழுந்துவிடுவாள். அடித்துக்கொண்டிருக்கும் கடிதம் பாதியில் நின்றாலும் சரி. டீக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பாள், கோட்டை மாட்டுவாள், ஐந்து இருபது ரயிலைப் பிடிப்பாள். ஆறு மணிக்குக் கடலோர ஊரான செமஃபோரில் தன் வீட்டு அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த ரயிலை நான்கே முறைதான் தவறவிட்டிருக்கிறாள். அதில் இரண்டு முறை ரயிலே ஓடவில்லை.

அவள் வேலை பார்த்தது ஹியூ பென்கெல்லி என்ற சர்ஜனிடம். ஈரல், கணையம் என்று வயிற்றின் ஆழத்தில் கைவைக்கிற வேலை அவருக்கு. ஒரு ஆபரேஷனுக்கு ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆகும். அடிலெய்டில் சர்ஜனை யாரும் 'டாக்டர்' என்று கூப்பிடுவதில்லை. 'மிஸ்டர்' என்றால்தான் மரியாதை. தெரியாமல் டாக்டர் என்று கேட்டுவரும் நோயாளியைக் கோரல் விடமாட்டாள். "டாக்டர்னா மாத்திரை குடுக்கறவரு. இவரு அறுக்கறவரு. மிஸ்டர்னு சொல்லுங்க" என்பாள். வந்தவர் வலியை மறந்து சிரித்துவிடுவார்.

துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரின் மகள் அவள். பதினேழு வயதில் டைப்பிங் கற்றாள். கம்பளி வியாபாரக் கம்பெனியில் இருபது வருஷம், பிறகு இங்கே. பெரிய ஆசைகள் ஏதும் அவளுக்கு இருந்ததில்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. கணவன் டரில் முனிசிபாலிட்டியில் ரோடு போட்டு ஓய்வு பெற்றவன். வெள்ளிக்கிழமை வறுத்த மீன், சனிக்கிழமை கடற்கரை நடை, ஞாயிற்றுக்கிழமை தூக்கம். "அவருக்குக் குடுக்கற காசு அவரோட முழு வாழ்க்கைக்கும். எனக்குக் குடுக்கறது ஒம்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும்தான்" என்று தங்கையிடம் சொல்வாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

பென்கெல்லிக்கே அவளைப் பார்த்துப் பொறாமை. ஒருநாள் அவள் கோட்டை மாட்டும்போது கண்ணைத் தேய்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்கள மாதிரி அஞ்சு மணிக்கு எழுந்து போக எனக்கும் ஆசைதான், கோரல்."

"கத்தியைக் கீழ வெச்சிட்டு வாங்க. ரயில்ல எடம் இருக்கு."

சிரித்தார். ஆனால் வரவில்லை. ஒருநாளும் வரவில்லை.

அவர் வாழ்க்கையில் மிச்சம் இருந்ததையெல்லாம் கோரல்தான் நடத்தினாள். மகனின் பள்ளிக்கூட விழாவுக்கு மன்னிப்புக் கடிதம், பிறந்தநாள் வாழ்த்து அட்டை, கல்யாண நாளுக்குப் பூ, நகை, வாசனைத் தைலம் எல்லாம் அவள் வேலை. அவர் மனைவி பெட்ராவுக்கு அது தெரியும். பரிசு வந்து சேர்ந்ததும் போன் அடிக்கும்.

"ஏய் கோரல், இந்த வருஷம் எனக்கு ரொம்ப அழகான கம்மல் வாங்கியிருக்கேடி. என் புருஷன் கிட்ட நான் தேங்க்ஸ் சொன்னதாச் சொல்லு. பாவம், எதுக்குன்னு முழிப்பாரு."

இப்படித்தான் பழக்கம் வளர்ந்தது. தினமும் நாலு மணிவாக்கில் பெட்ரா கூப்பிடுவாள். முதலில் கணவனைக் கேட்டுத்தான் கூப்பிட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள், கோரலிடமே பேசினாள். எலுமிச்சை மரத்தில் பூச்சி, லண்டனில் இருக்கும் மகன் போன் செய்யாதது, பக்கத்து வீட்டு நாய். பத்து நிமிஷம். அதற்குள் கோரல் நான்கு கடிதங்களை மடித்து உறையில் போட்டுவிடுவாள்.

ஆபரேஷன் நாட்களில் ஒரு சட்டம் இருந்தது. கடைசித் தையல் போடும்வரை எந்தப் போனும் உள்ளே போகக் கூடாது. கோரல் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பையன் கையை உடைத்துக்கொண்டான் என்று பெட்ரா அழுததில் மனசு கேட்காமல் உள்ளே போனைக் கொடுத்துவிட்டாள். நர்ஸ் ஒருத்தி அவர் காதில் பிடித்தாளாம். சாயந்திரம் வந்து கத்தினார் பாருங்கள்! "அங்க ஒரு ஆளோட வயித்தைத் திறந்து வெச்சிருக்கேன். கை எலும்பு தானா ஒட்டும். அவன் ஒட்ட மாட்டான்." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அடுத்த நாள் பெட்ராவே ஒரு ஏற்பாடு சொன்னாள். "இனிமே நிஜமாவே அவசரம்னா நானே 'இப்பவே'ன்னு சொல்றேன். அப்ப மட்டும் கூப்பிடு." பதினேழு வருஷமாக அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஜூலை மாதம், அங்கே அது குளிர்காலம்; ஒரு வியாழக்கிழமை. வெளியே நல்ல குளிர். பென்கெல்லி காலை ஒன்பதிலிருந்து உள்ளே இருந்தார். ரென்மார்க்கில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் கிளாட் என்பவருக்குக் கணையத்தில் கட்டி. நாலுக்குக் கால் மணி இருக்கும்போது பெட்ரா கூப்பிட்டாள்.

"அவர் உள்ளதானே?"

"உள்ளதான். ஆறு மணி ஆயிடும்."

"தலை வலிக்குது கோரல். காலைல துணி உலர்த்தும்போது பளிச்னு பிடிச்சுது, விடவே இல்ல. வரும்போது மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்றியா?"

"உனக்குத் தலைவலியா? கேள்விப்பட்டதே இல்லையே. உள்ள சொல்லி அனுப்பட்டுமா?"

"ஐயோ வேண்டாம். எவனோட வயித்தையோ திறந்து வெச்சிருப்பாரு. எனக்குத் திட்டு வாங்கித் தராதே."

கோரல் மஞ்சள் தாளில் எழுதினாள்: 'பெட்ரா. காலையிலிருந்து தலைவலி. மாத்திரை வாங்கிப் போகவும். அவசரமில்லை.' அந்தக் கடைசிச் சொல்லை பெட்ரா சொல்லவில்லை. பெட்ராவைப் பற்றி எழுதும் எல்லாத் தாளிலும் கோரல் அப்படித்தான் முடிப்பாள். கை தானாக எழுதியது. எழுதி அவர் மேஜைப் போனில் ஒட்டினாள்.

நாலே முக்காலுக்கு மறுபடியும் போன்.

"கோரல்..." குரல் தூங்கி எழுந்த மாதிரி இழுத்தது. "நீ வீட்டுக்குக் கிளம்பிட்டியா?"

"இன்னும் கால் மணி இருக்கு. படுத்தியா கொஞ்சம்?"

"ம். கிளம்பிட்டியோன்னு பாத்தேன். சும்மாதான்."

"போய்ப் படு. நாளைக்குப் பேசலாம்."

"சரி" என்றாள் பெட்ரா. வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு வைத்தாள்.

கோரலுக்கு ஏதோ ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் தட்டச்சு செய்ய இரண்டு கடிதம் இருந்தது, ரயில் இருந்தது. 'இப்பவே' என்று அவள் சொல்லவில்லையே. ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டாவது போனைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே என்று இன்று யாரும் சொல்லலாம். சர்ஜன் வீட்டம்மா தலைவலிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று பெட்ராவுக்குத் தெரியும். அடுத்தவர் உயிருக்குப் போராடும் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தங்கள் வலியைச் சொல்லவே கூச்சம் வந்துவிடுகிறது. எனக்கு இதை நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

பென்கெல்லி வீடு போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். பெட்ரா துணி துவைக்கும் அறையில் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக் குழாய் காலையிலேயே கசிய ஆரம்பித்து, பிறகு உடைத்துக்கொண்டிருக்கிறது. சாயந்திரமே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் மூளை டாக்டர். சனிக்கிழமை காலையில் அவள் உயிர் போயிற்று.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் ஆள் வந்து, அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது, பிடித்த பூ எது என்று கேட்டபோது தகப்பனும் லண்டனிலிருந்து வந்த மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமே கோரலைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள். எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவமானமாக இருந்தது அவளுக்கு, ஏதோ திருடிய பொருளை வெளியே எடுத்து வைக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு கோரலால் ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை. வேலை இருக்காது, சும்மா உட்கார்ந்திருப்பாள். ஐந்து இருபது போகும், ஆறு பத்து போகும். வீட்டில் டரில் தானே முட்டை பொரித்துத் தின்றான். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"ஏன் கிழவி, அஞ்சு மணிக்குக் கிளம்பினது குத்தமா? உன் வேலை நேரம் அதுதானே?"

"அதுதான். நான் இல்லன்னு சொன்னேனா?"

"அப்புறம் எதுக்கு இப்படி உன்னையே அரிச்சுக்கற?"

"அன்னைக்கு பெட்ரா கிளம்பிட்டியான்னு கேட்டா, டரில். நான் கிளம்பிடுவேன்னு பயந்து கேட்டிருக்கா. எனக்கு அது அப்பப் புரியல."

அவன் முட்டைத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது போனைப் பற்றி பென்கெல்லியிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அவளைத் தின்றது. சொன்னால் அந்த மனிதர் இன்னும் உடைவார். தன் முகத்தில் முழிக்கவேண்டாம் என்று அவளை விரட்டினாலும் விரட்டலாம். சொல்லாவிட்டால் தினமும் காலையில் அவருக்கு 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும்.

ஆகஸ்டு கடைசியில் கிளாட் வந்தார். பிழைத்துக்கொண்டார். மெலிந்திருந்தாலும் முகத்தில் தெம்பு. ஒரு பெட்டி நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கோரலின் மேஜையில் வைத்தார். "உங்க மிஸ்டர் எனக்கு இன்னொரு ஜென்மம் குடுத்தாரும்மா. வீட்டம்மாவுக்கும் குடுக்கச் சொல்லுங்க, நல்ல இனிப்பு" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். கோரல் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

அன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு அறைக்கதவு திறந்தது. பென்கெல்லி வெளியே வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி நோயாளி போய்விட்டார்; இருவரும்தான்.

"நீங்க இன்னும் போகல" என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." கோரல் எழுந்து நின்றுகொண்டாள். "அன்னைக்கு பெட்ரா ரெண்டு தடவை கூப்பிட்டா. நாலே முக்காலுக்கு இன்னொரு தடவை. குரல் சரியா இல்ல. நான் கவனிச்சேன். கவனிச்சும் உங்களுக்கு எழுதல. கிளம்பிப் போயிட்டேன். 'அவசரமில்ல'ன்னு எழுதினதும் நான்தான், அவ சொல்லல. என்னை என்ன வேணா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சீட்டை நான் ஆறரைக்குப் படிச்சேன், கோரல்."

கோரலுக்குப் புரியவில்லை.

"முப்பத்தோரு வருஷத்துல அவளுக்கு ஒரு தடவைகூடத் தலைவலி வந்ததில்ல. அது எனக்குத் தெரியும். காலையிலேர்ந்து வலின்னா என்ன அர்த்தம்னு படிச்சவன் நான். நேரா வீட்டுக்குப் போயிருக்கணும். ஆனா அவசரமில்லன்னு எழுதியிருந்தது. அது எனக்கு வசதியா இருந்துது. வார்டுல ரெண்டு மணி நேரம் சுத்திட்டுப் போனேன். நடுவுல ஒரு போன்கூடப் பண்ணல."

கோரல் மெல்ல உட்கார்ந்தாள். இத்தனை நாள் முழுப் பழியும் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். பாதியை அவர் எடுத்துக்கொண்டதில் அவளுக்குப் பாரம் குறையவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இன்னும் கனத்தது.

"ரெண்டாவது தடவை என்ன சொன்னா?"

"நான் கிளம்பிட்டேனான்னு கேட்டா. அவ்வளவுதான்."

"என்னைப் பத்திக் கேட்கலையா?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "என் மேல கோபமா இருந்தாளா கோரல்? பொய் சொல்லாதீங்க" என்றார்.

"கோபம் இருந்திருந்தா அன்னைக்கு 'இப்பவே'ன்னு கத்தியிருப்பா. அவ உங்க மேல கோபப்படறதை விட்டு ரொம்ப நாளாச்சு, மிஸ்டர் பென்கெல்லி."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தோன்றியது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அவர் முன்னால் சாய்ந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நோயாளியிடம் கேட்கிற அதே தணிந்த குரலில் கேட்டார்.

"எப்பலேர்ந்து?"

கோரலுக்கு நாள்கூட நினைவிருந்தது.

"அவங்க அம்மாவைப் புதைச்ச அன்னையிலேர்ந்து. அவ சொந்த ஊர் டனுண்டால, ஒரு சனிக்கிழமை. நீங்க ஆபரேஷன்ல இருந்தீங்க. உங்களுக்குப் பதிலா என்னைப் போகச் சொன்னீங்க. நான்தான் அவ பக்கத்துல நின்னேன். பெட்டியை இறக்கும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டா."