பேட்டர்ன் பேப்பரின் மூலைக் கட்டம்

திருப்பூரில் பனியன் அளவு குறைந்தால் யாரும் கம்ப்யூட்டரைத் திட்டுவதில்லை. சுருங்கிவிட்டது என்று துணியைத்தான் திட்டுவோம். "ஷ்ரிங்கேஜுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் இருபது வருடமாக அப்படித்தான் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு மனிதரின் வேலையையே தொலைக்கப் பார்த்தேன்.

ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவள் நான். கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் என்று கம்ப்யூட்டரில் வரைந்து, பிளாட்டர் என்ற பெரிய பிரிண்டரில் பேப்பராக எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பேப்பரை வைத்துத்தான் துணி வெட்டுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கட்டிங் செக்ஷனில் எல்லோருக்கும் தெரியும். வேலை சுத்தமாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவதாகவும், கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் லைசன்ஸ் காட்ட வேண்டும் என்றும் ஒருநாள் மெயில் வந்தது. எங்களிடம் இருந்தது அத்தனையும் திருட்டுக் காப்பி. முதலாளி என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு லினக்ஸ் போட்டுரலாங்க அக்கா. அதுல எல்லாத்துக்கும் மாத்து இருக்குதாம், ஓசியாவே கெடைக்குதாம்" என்றார்.

மாற்று இருந்தது உண்மைதான். எழுதுவதற்கு ஒன்று, கணக்குப் போடுவதற்கு ஒன்று, பேட்டர்ன் வரைவதற்கு ஒன்று. ஆனால் என் கைகளுக்கு மாற்று இல்லையே! பழைய சாஃப்ட்வேரில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய பட்டனை இதில் அழுத்தினால் வரைந்த பனியன் கை தலைகீழாகப் புரண்டது. இன்னொன்றை அழுத்தினால் முன்பக்கமே காணாமல் போனது. நோட்டில் இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதுப் பெயர் என்று எழுதி வைத்துக்கொண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைப் போல ஒவ்வொன்றாகத் தேடினேன். அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. மூன்றாம் நாள் பழைய பேட்டர்ன்கள் ஒழுங்காகத் திறந்தன. அளவெல்லாம் திரையில் சரியாகக் காட்டியது. அப்பாடா என்று முதல் ஸ்டைலுக்குப் பேப்பர் எடுத்துக் கட்டிங்குக்குக் கொடுத்தேன்.

ஐம்பது பீஸ் சாம்பிள் தைத்தார்கள். அவசரத்தில் அளக்காமலே வாஷிங் போட்டார்கள். சனிக்கிழமை காலையில் அளந்தபோது மார்பு, உயரம், கை எல்லாமே குறைவு. முதலாளி என் மேஜைக்கு வந்து நின்றார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"பாருங்க சார், சுருங்கறதுக்குக் கூட வெச்சது போக மார்பு அம்பத்திரண்டு சென்டிமீட்டர், சரியா இருக்குது. துணிதானுங்க சுருங்கிருக்குது."

சாயம் போட்டு வரும் துணியை நீராவி விட்டு அமுக்கி, முன்கூட்டியே சுருக்கிவிடுவதற்குக் காம்பாக்டிங் என்று பெயர். அதை எங்களுக்குச் செய்துகொடுப்பது முதலிபாளையத்தில் ஒரு யூனிட். அங்கே மெஷின் ஓட்டுகிறவர் வயதானவர். போன வருடம்தான் கண்ணில் புரை எடுத்துத் தடிமனான கண்ணாடி போட்டிருந்தார். அவருக்கே போன் போட்டேன்.

"அம்மிணி, ஒவ்வொரு ரோல்லயும் ஒரு துண்டு வெட்டித் துவைச்சுப் பாத்துத்தானுங்க அனுப்புனேன்" என்றார் அவர். "நீளத்துல நாலு பர்சென்ட், அகலத்துல மூணு. நீங்க கேட்ட கணக்குத்தானுங்க."

"உங்க துண்டைத் தூக்கிக் குப்பைல போடுங்க. கண்ணு தெரியலீன்னா ஊட்டுல உக்காருங்க. எங்க உசுர எதுக்கு வாங்கறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் கோபத்தை இறக்கி வைக்க ஒரு ஆள் கிடைத்தார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்போது மனதுக்கு இதமாகவே இருந்தது.

பதினோரு மணிக்கு அந்த யூனிட் மேனேஜர் கூப்பிட்டார். "மன்னிச்சுக்குங்க. அந்தாள இன்னிக்கு ஷிப்டோட நிறுத்தீர்றேனுங்க. எனக்கே கொஞ்ச நாளா சந்தேகந்தான். இப்ப நீங்களே சொல்லிப்போட்டீங்க, கண்ணு தெரியலீன்னு."

துணியைப் பற்றிச் சொல்லலாம், அவர் கண்ணைப் பற்றிச் சொல்ல நான் யார்? ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். மனசு கேட்காமல் டேப்பை எடுத்துக்கொண்டு சாம்பிள் குவியலுக்குப் போனேன். துணிதான் காரணம் என்று உறுதியாகிவிட்டால் போதும், நிம்மதியாகச் சோறு இறங்கும் என்று நினைத்தேன்.

ஐம்பத்திரண்டு இருக்க வேண்டிய மார்பு நாற்பத்தொன்பது. எழுபது இருக்க வேண்டிய உயரம் அறுபத்தாறு. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு குறைவு. கையிலும் அதே ஆறு. அப்படியே நின்றுவிட்டேன். பனியன் துணி நீளத்தில் ஒரு மாதிரி சுருங்கும், அகலத்தில் ஒரு மாதிரி சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே கணக்காகச் சுருங்குகிற துணியை நான் பார்த்ததே இல்லை. நாலும் மூணும் என்று அவர் சொன்னாரே, துணி என்றால் அப்படித்தான் இருக்கும். அந்தச் சுருக்கத்துக்கு வேண்டியதைக் கூட வைத்துத்தான் நானும் வரைந்திருந்தேன்.

கட்டிங்கில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த என் பேட்டர்ன் பேப்பரை எடுத்து மேஜையில் விரித்து டேப்பை வைத்தேன். பேப்பரே சின்னது. அட கடவுளே! பிரிண்ட் கொடுக்கும் இடத்தைத் திறந்து பார்த்தால், 'தாளுக்குள் அடங்குமாறு சுருக்கு' என்பதற்கு எதிரே ஒரு டிக். பழையதில் அந்த டிக் இருந்ததே இல்லை, அதனால் நான் தேடவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பேப்பரின் மூலையிலும் பத்து சென்டிமீட்டரில் ஒரு கட்டம் போட்டு, பேப்பர் வந்ததும் அதை அளந்து பார்ப்பேன். பத்து பத்தாகவே வந்துகொண்டிருந்ததால் அதையும் நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது.

முதலாளியிடம் ஓடிப்போய் இதையும், காம்பாக்டிங்காரர் வேலை போகப்போவதையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அக்கா, இது இந்த ரூமோட இருக்கட்டுங்க. நம்ம பேட்டர்ன்லயே தப்புன்னு வெளிய தெரிஞ்சா எவன் நம்பி ஆர்டர் குடுப்பான்? அவருக்கு வேற யூனிட்டுல நானே சொல்லி விடறேன்."

"கண்ணு தெரியாதவர்னு ஊரே பேசுனதுக்கப்பறம் எந்த யூனிட்டுலங்க சார் எடுப்பாங்க?"

"நீங்க போய்ச் சொன்னீங்கன்னா, திங்கக்கெழமை உங்களப் பத்தியும் நான் யோசிக்கோணும்."

எனக்கும் பயம்தான். ஒரு மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் மணி ஒன்றேகால். பேப்பரைச் சுருட்டி ஸ்கூட்டியின் முன்னால் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் கம்பெனி வேன்கள். ஒவ்வொரு சிக்னலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான் முதலிபாளையம் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெரியவர் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு யூனிட் கேட்டுக்கு வந்துவிட்டிருந்தார். ஷிப்டு மாறும் நேரம். ஏழெட்டுப் பேர் சுற்றிலும் நின்றார்கள், மேனேஜரும் நின்றார். நான் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகப் பேப்பரைத் தரையில் விரித்தேன்.

"தப்பு எம் மேலதானுங்க. கம்ப்யூட்டர் மாத்துனதுல பேப்பரே சின்னதா வந்துருச்சு. நான் அளக்கலீங்க. துணில ஒரு கொறையும் இல்லீங்க."

மேனேஜர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் அவரிடம், "சரி, திங்கக்கெழமை வழக்கம்போல வந்துருங்க" என்றார்.

பெரியவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"துணியச் சொன்னதுக்கு ஆச்சுங்க அம்மிணி. கண்ணச் சொன்னதுக்கு?"

நான் தெரியாமல் பேசிவிட்டதாக முணுமுணுத்தேன்.

"அவிய எல்லாருக்கும் கேக்கட்டுங்க. காலைல ஸ்பீக்கர்ல போட்டுத்தானுங்க பேசுனேன்."

ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்திச் சொன்னேன்.

"இவிய கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க. எனக்குத்தானுங்க தெரியல."

அவர் தலையை ஆட்டினார். குனிந்து என் பேப்பரைச் சுருக்கம் விழாமல் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, தூக்குப்போசியோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.