மோட்டார் அறைப் பூனை

கார்த்திகேசனைப் பற்றிச் சொல்வதென்றால் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பர்மாவில், லான்மடா வட்டாரத்தில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. கரண்ட் நாலு மணி நேரம் இருக்கும், பிறகு போய்விடும், எப்போது திரும்பி வரும் என்பது அதன் இஷ்டம். வந்த நேரத்தில் கீழே மோட்டாரைப் போட்டு மொட்டை மாடித் தொட்டியை நிரப்பினால்தான் எங்கள் வீடுகளில் உலை ஏறும். பன்னிரண்டு வருஷமாக மோட்டாரைப் போடுகிறவன் கார்த்திகேசன். அதற்கு முன்னால் இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தான். அவன் அப்பாவும் அங்கேதான் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன்.

மனைவி மா கின் பர்மாக்காரி. கொரோனா வந்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் விஜயகுமாரி தாய்லாந்தில் வேலை பார்க்கிறாள். மாடிப்படிக்குக் கீழே மோட்டார் அறை, அதை ஒட்டி இன்னொரு அறை, அதுதான் அவன் வீடு. வாயில் எந்நேரமும் குன்யா இருக்கும். வெற்றிலையில் சுண்ணாம்பும் பாக்கும் வைத்து மடித்துத் தருவார்களே, அதற்கு இங்கே அதுதான் பேர். உடம்பில் பட்டறைக் காலத்துக் காக்கிச் சட்டை. கிரீஸ் பாதி, வெற்றிலைக் கறை பாதி. என் மருமகள் ராதா அவன் படியேறி வந்தால் மூக்கைப் பொத்துவாள்.

இங்கே அவனுக்கென்று இருந்த ஒரே சொந்தம் ஒரு கிழட்டுப் பூனை. அதையும் சொந்தம் என்று சொல்ல முடியாது, தெருப்பூனைதான். மஞ்சள் நிறம். மா கின்தான் அதை ஷ்வேவா என்று கூப்பிட ஆரம்பித்தாள். இந்த ஊரில் பாதி மஞ்சள் பூனைகளுக்கு அந்தப் பேர்தான். அவள் போன பிறகு அது மோட்டார் அறையை விட்டு நகரவில்லை. ஒரு கண்ணில் படலம் விழுந்துவிட்டது, மிஞ்சியது இரண்டு பல். கார்த்திகேசன் மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். தட்டில் வைத்தால் தொடாது. வேறு யார் நீட்டினாலும் தொடாது.

தசாங்டைங் பண்டிகை முடிந்து விளக்குகளை அவிழ்த்துவிட்டால் இங்கே குளிர் தொடங்கும். வெளியூர்க்காரர்கள் இதெல்லாம் ஒரு குளிரா என்பார்கள். விடிகாலையில் சிமெண்டுத் தரையில் படுத்துப் பார்க்கட்டும், அப்போது தெரியும். போன வருஷக் குளிரிலேயே ஷ்வேவாவுக்குப் பின்னங்கால் இழுத்துக்கொண்டது. இந்த வருஷம் தாங்காது என்று கார்த்திகேசனுக்குத் தெரிந்துவிட்டது. மீன் வியாபாரியிடம் ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கி, பக்கத்தில் ஓட்டை போட்டு, உள்ளே சாக்கு விரித்து வைத்தான். பூனை அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்த் தரையில் படுத்துக்கொண்டது.

மார்கழி பிறந்தது. விஜயகுமாரிக்கு இரண்டு முறை கரு கலைந்து, இப்போது மூன்றாவது. அது தங்க வேண்டும் என்று கார்த்திகேசன் தைப்பூசத்துக்குக் காவடி வேண்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு நாளுக்கு மாலை போட்டுக்கொண்டான். இரண்டு வேளைக் குளியல், காவித் துண்டு, நெற்றி நிறைய விபூதி. குன்யாவை விட்டான். மீன் கிடையாது. தின்பது இருக்கட்டும், தொடவே கூடாது.

முதல் நாள் ஷ்வேவாவுக்குத் தயிர்ச்சோறு கொடுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் பாலில் பிசைந்து கொடுத்தான். அதற்கும் மறுநாள் கடலைமாவில் செய்த ஷான் தோஃபு. எதையும் தொடவில்லை. நான்காம் நாள் நான் கீழே இறங்கிப் போனேன்.

"தம்பி, மீனைப் பிசைஞ்சு குடுத்துட்டுக் கையைக் கழுவு. முருகன் என்ன, வந்து உன் கையை மோந்து பாப்பானா?"

"மோந்து பாக்க மாட்டாரு அக்கா. ஆனா எனக்குத் தெரியுமில்ல."

"பூனை செத்தா அந்தப் பாவம் யாருக்கு?"

"ரெண்டு தடவை போயிருச்சு அக்கா எம் பொண்ணுக்கு. இந்தத் தடவ நான் எதுலயும் கொற வெக்க மாட்டேன்."

அதற்கு மேல் என்ன சொல்வது? நானே மீன் அவித்தேன். முட்டி வலியோடு மூன்று மாடி இறங்கி, பிசைந்து நீட்டினேன். அந்தக் கிழம் என் கையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. மீன் இல்லாததுதான் குறை என்று நான் அடித்துப் பேசியிருந்தேன். மீன் இருந்தும் தின்னவில்லை. எனக்குக் கோபம். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன்.

கார்த்திகேசன் பக்கத்தில் வந்தால் இன்னும் மோசம். குளித்துவிட்டு விபூதியோடு வருவான், அது பின்வாங்கும். கொஞ்சம் தண்ணீர் மட்டும் நக்கும். முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது.

வாசலில் கயிறும் பிளாஸ்டிக் வாளியும் விற்கும் நியாஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "சாமிக்குப் பயந்து பூனையும் நோன்பு புடிக்குது, ஆண்டாளம்மா" என்றான் என்னிடம்.

"நீ சும்மா கெட."

"நெசமாத்தான் சொல்றேன். எங்க நோன்புல சாயங்காலம் ஆனா கஞ்சியாவது உண்டு."

கார்த்திகேசன் சிரிக்கவில்லை. இது முருகன் வைக்கும் சோதனை என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. மாலையைக் கழற்றவும் முடியவில்லை, பூனையைப் பார்க்கவும் முடியவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் நேராகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஒன்பதாம் நாள் விடிந்தபோது தெரு முழுக்கப் பனி. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. கரண்ட் வந்துவிட்டது. நான் மீன் கிண்ணத்தோடு இறங்கினேன். மோட்டார் சத்தம் இன்னும் கேட்கவில்லை. மேலேயிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள், பர்மியத்தில் பாதி, தமிழில் பாதி. தண்ணீர் ஏற்று, மறுபடி கரண்ட் போய்விடும் என்று.

கார்த்திகேசன் மோட்டார் அறை வாசலில் நின்றான். கை சுவிட்சில் இருந்தது, போடவில்லை.

"ஷ்வேவாவைக் காணோம் அக்கா."

"வெளியே போயிருக்கும்."

"அது வெளிய போயி ஒரு மாசம் ஆச்சு. உள்ளதான் எங்கியோ இருக்கு. பெல்ட்டுகிட்ட இருந்துச்சுன்னா?"

படியில் இறங்கி வந்த ராதாவும் கேட்டுவிட்டாள். "மாமா, ஆறு மாடிக்கும் தண்ணி இல்ல. சீக்கிரம் பாருங்க."

"பூனையப் பாக்காம போட மாட்டேம்மா. இன்னிக்கு யாரும் குளிக்கலன்னாலும் பரவால்ல."

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவன் தரையோடு தரையாகக் குனிந்தான். மோட்டாரின் பின்புறம், பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி, அழுக்குத் துணி மூட்டை மாதிரி ஒன்று கிடந்தது. மாலை போட்ட அன்று அவன் கழற்றி மோட்டார் மேல் போட்ட காக்கிச் சட்டை. இழுத்துக் கீழே தள்ளி, அதற்குள் சுருண்டு படுத்திருந்தது ஷ்வேவா. முகம் கைப்பகுதிக்குள் நுழைந்திருந்தது. கார்த்திகேசன் கூப்பிட்டான். அசையவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். வயிறு லேசாக ஏறி இறங்கியது.

அவன் சட்டையோடு சேர்த்து அதை வெளியே இழுத்தான். வெளிச்சத்துக்கு வந்ததும் பூனை அவன் கையை மோந்தது, விலகியது, மறுபடி சட்டைக்குள் மூக்கை விட்டது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டையை எடுத்து என் மடியில் விரித்தேன், அதன் கைப்பகுதியை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மீன் சோற்றை நீட்டினேன். கிரீஸும் வெற்றிலையும் கலந்த நாற்றம், நான் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஷ்வேவா ரொம்ப நேரம் மோந்தது. பிறகு நாக்கு வெளியே வந்தது. ஒரு கவளம், இரண்டு கவளம். நெல்லிக்காய் அளவுதான். ஆனால் தின்றது.

கார்த்திகேசன் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து மூன்று படி தள்ளி உட்கார்ந்தான்.

"அப்ப, மாலை போட்ட அன்னிலேருந்து நான் காணாமப் போயிட்டேன் அதுக்கு" என்றான். "நானும் தெனம் எதிர்லதான் நின்னேன்."

நியாஸ் எட்டிப் பார்த்தான். "முருகனுக்காகக் குளிச்ச சரி. பூனைக்காகக் கொஞ்சம் நாறியிருக்கலாமில்ல கார்த்தி?"

அன்றைக்குத்தான் ஒன்பது நாளில் முதல் தடவையாகக் கார்த்திகேசன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். மா கின் போன பிறகு, வீட்டுக்கு வரும்போது தன்னை யாராவது தேடுவார்கள் என்று அவன் நினைத்ததில்லை போலிருக்கிறது.

மிச்ச முப்பத்தொன்பது நாளும் நான்தான் ஊட்டினேன். சட்டையைப் பெட்டிக்குள் விரித்ததும் ஷ்வேவா தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. ராதா ஒரு நாள் அந்தச் சட்டையைத் தோய்க்கப் போகிறேன் என்று வாளியோடு கிளம்பினாள். தோய்த்தால் அந்த வாளியை உன் தலையில் கவிழ்ப்பேன் என்றேன். "யா தே, யா தே" என்று சரி சொல்லிவிட்டு ஓடினாள். கார்த்திகேசன் தினமும் அந்த மூன்று படி தள்ளி உட்கார்ந்து, முள் சரியாக எடுத்தேனா என்று என்னிடம் கணக்குக் கேட்டான். முள் எடுக்க எனக்கு அவன் சொல்லித்தர வேண்டுமாம்.

தைப்பூசத்தன்று காவடி எடுத்தான். மறுநாள் காலை மாலையைக் கழற்றினான். விஜயகுமாரி போனில் முகம் காட்டினாள், ஆறாம் மாதம், கன்னம் உப்பியிருந்தது. போனை வைத்தவன் முதல் வேலையாக முனைக்கடைக்குப் போனான். வாய் நிறையக் குன்யாவோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றான்.

"சட்டையக் குடுங்க அக்கா."

"மாட்டேன். மாசிப் பனி இன்னும் மிச்சமிருக்கு."

"என் சட்டைதானே அது."

"இப்ப அது பூனையோட சட்டை. நீ வேற வாங்கிக்க."

அவன் படியில் உட்கார்ந்து, வெற்றிலைச் சாறு பட்டுச் சிவந்த கட்டை விரலைப் பெட்டி வாசலில் நீட்டினான். ஷ்வேவா தலையை வெளியே விட்டது. விரலை மோந்தது. பின்னங்காலை இழுத்து இழுத்து வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய், அவன் கைலி மடிப்பில் ஏற முடியாமல் ஏறியது.

நான் கையில் மீன் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினேன். சட்டையை மட்டும் தரவில்லை.