பனி ஊரில் லூர்து அக்காவின் கிறிஸ்துமஸ்

செய்தி வந்தபோது நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து லூர்து அக்காவின் தம்பி சேவியர் அழைத்தார். பள்ளி நேரத்தில் அழைக்கிறவர் இல்லை அவர். "சுமதி, அக்கா போயிட்டாங்க. காலைல டீ போட்டுக்கினு இருந்தவங்க அப்படியே உக்காந்தாங்க, அவ்ளோதான்" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ செபம் சொல்லத் தொடங்கியிருந்தது கேட்டது. சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அழுகை வரவில்லை. முந்தைய வாரம் அவர் போனில் கேட்ட ஒரு கேள்வியே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிதம்பரம் தேர் வடத்தைப் பிடித்து இழுக்கிற அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் எப்படி நிற்கிறார்கள், யார் சொல்லி நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தார். ஆண்டுதோறும் அந்தத் தேரைப் பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் செம்மண்டலத்து லூர்துமேரி டீச்சர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையின் மாடியில், ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஜப்பானில் கழித்த முதல் குளிர்காலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நம்மில் நான் ஒருத்திதான். அந்தக் கிறிஸ்துமஸைப் பற்றி அவராக யாரிடமும் அதிகம் பேசியதில்லை என்று அடக்கத்தன்று தெரிந்தது. அதனால் நான் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். எனக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. ஆனால் முதலில் சந்தித்துக்கொண்டது ஜப்பானில், நீகட்டா நகரத்தின் பக்கத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடந்த ஒரு சின்ன ஊரில். அரிசிக்கடையின் மாடியில் இயங்கிய ஆங்கிலப் பேச்சுப் பள்ளி ஒன்றில் இருவருக்கும் ஆசிரியர் வேலை. வந்த அன்று அரைநாள் முழுக்க ஆங்கிலத்திலேயே மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பெயரை வைத்துக் கோவாக்காரர் என்று நினைத்தேன். மாலையில் சன்னலுக்கு வெளியே பனி விழத் தொடங்கியது. அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஐயோ மாதாவே, இன்னா இப்படிக் கொட்டுது" என்றார். நான் தமிழா என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. கடலூரில் நல்ல பள்ளியில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு இந்த வயதில் எங்கே போகிறாய் என்று வீட்டில் எல்லாரும் தடுத்திருக்கிறார்கள். ஏன் வந்தீர்கள் அக்கா என்று ஒருநாள் கேட்டேன். "பாக்கணும்னு இருந்துச்சு, வந்துட்டேன். இதுக்கு மேல காரணம் கேட்டா நான் எங்க போவேன்" என்றார்.

டிசம்பர் பிறந்ததும் ஊரே கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. கடைகளில் பாட்டு, ரயில் நிலையத்தின் முன்னால் விளக்கு மரம். ஆனால் விடுமுறை இல்லை. இருபத்தைந்தாம் தேதி எல்லாரும் வேலைக்குப் போனார்கள். குடும்பங்கள் பொரித்த கோழியை முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கின. வெள்ளைக் கேக்கின்மேல் ஸ்ட்ராபெரி இருந்தது. குடிலும் இல்லை, குழந்தை இயேசுவும் இல்லை. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அக்காவுக்கு அது ஆராய்ச்சியாகிவிட்டது. கோழி வாங்கும் எண்ணமே இல்லாமல் கோழிக்கடை வரிசையில் போய் நின்றார், மக்களிடம் கேட்பதற்காக. முன்னால் நின்ற ஒரு முதியவரிடம் தன் அரைகுறை ஜப்பானியத்தில் ஏன் கோழி என்று கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் அல்லவா, அதனால்தான் என்றாராம் அவர். பிறகு யோசித்துவிட்டு, உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாராம். பிரியாணி என்றிருக்கிறார் அக்கா. ஏன் பிரியாணி என்று முதியவர் கேட்க, அக்காவிடம் பதில் இல்லை. அறைக்கு வந்ததும் வராததுமாக, "அந்தத் தாத்தா என்ன மடக்கிட்டாரு சுமதி" என்றார். தோற்றுப்போனதில் இப்படி மகிழ்ந்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பள்ளியில் இன்னொரு ஆசிரியர் இருந்தார். கனடாக்காரர், பெயர் பிரையன். பள்ளியை நடத்தியவர் ஹராதா என்ற அம்மையார், கணக்கும் கவலையுமாக எப்போதும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். வெளிநாட்டு ஆசிரியருடன் உண்மையான கிறிஸ்துமஸ் என்று ஒரு சுவரொட்டி அடித்து வாசலில் ஒட்டினார். அதில் பிரையனின் படம் மட்டும் இருந்தது. விழாவில் பிரையன் சாண்டா, அக்காவுக்கும் எனக்கும் கேக் வெட்டிப் பரிமாறும் வேலை.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. பிரையன் யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடியதே இல்லை என்று எங்களிடம் அவரே சொல்லியிருந்தார். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களில் பிறந்ததிலிருந்து அந்தப் பண்டிகையோடு வாழ்ந்தவர் லூர்து அக்கா ஒருவர்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதைக் கேட்காமல் விடக் கூடாது என்றேன். அக்காவும் கேட்கத்தான் போனார், ஆனால் சண்டைக்கு அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன், ஏன் இப்படி என்று ஹராதா அம்மையாரிடமே கேட்டார். அந்த அம்மையார் உண்மையைச் சொன்னார். பெற்றோர் மனத்தில் வெளிநாட்டு ஆசிரியர் என்றால் ஒரு முகம் இருக்கிறது. மாணவர் குறைந்தால் மார்ச்சில் உங்கள் இருவரின் ஒப்பந்தத்தையும் என்னால் புதுப்பிக்க முடியாது என்றார். அக்கா தலையசைத்துவிட்டு வந்து, "பயந்துக்கினு இருக்காங்க. பாவம்" என்றார். கேக் கத்தியைக் கழுவி வைத்துக்கொண்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. குழந்தைகளும் பெற்றோரும் வந்திருந்தார்கள். பிரையன் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் கேள்வி கேட்க, ஹராதா அம்மையார் மொழிபெயர்த்தார். மியோ என்ற சிறுமி எழுந்து, கிறிஸ்துமஸ் காலையில் உங்கள் வீட்டில் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.  பிரையன் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் தாடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது, லூர்துவுக்குத்தான் தெரியும், அவரைக் கேள் என்றார். ஹராதா அம்மையார் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அங்கிருந்தவர்களில் சிலருக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

எல்லாரும் கேக் மேசைப் பக்கம் திரும்பினார்கள். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். முதலில் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போவோம் என்றார். பூசை முடிந்து வந்ததும் பலகாரத் தட்டோடு தெருவில் இருக்கும் இந்து வீடுகள், முஸ்லிம் வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வருவோம், கடைசியாகத்தான் நாங்கள் சாப்பிடுவோம் என்று விளக்கினார்.  மியோ உடனே, நாமும் போகலாமா என்று கேட்டாள்.

அக்கா ஹராதா அம்மையாரைப் பார்த்தார். அவர் முடியாது என்று சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு கேக்கைக் காகிதத் தட்டுகளில் வைத்தார் அக்கா. குழந்தைகள் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் பனிக்குள் போனார்கள். கீழே அரிசிக்கடைக்காரர் தன் முன்னால் தட்டோடு நின்ற கூட்டத்தைக் கண்டு மிரண்டுபோனார். குனிந்து குனிந்து வணங்கினார். பிறகு உள்ளே ஓடி, ஆளுக்கொரு கமலா ஆரஞ்சு கொண்டுவந்து கையில் வைத்தார். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து பார்த்தார். அவருக்கும் ஒரு தட்டு போயிற்று. பிரையன் சாண்டா உடையிலேயே வழுக்கி விழப்பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். அக்கா என் காதருகில், "கடைக்காரரு திருப்பிக் குடுத்தாரு பாத்தியா? நம்ம ஊரு மாதிரியே வெறுங்கையா அனுப்ப மாட்டேங்கிறாங்க. அது எப்படி இங்கயும் வந்துச்சு?" என்றார்.

இருபத்தைந்தாம் தேதி எங்களுக்கு வகுப்பு இருந்தது. விடியற்காலைப் பூசைக்கு அக்கா பக்கத்து நகரத்துக்கு ரயிலேறினார், நானும் துணைக்குப் போனேன். சின்னக் கோயில். கிழவரான ஜப்பானியக் குருவானவர், ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய உள்ளூர்க்காரர்கள், தொழிற்சாலையில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் சிலர். அக்கா பாட்டுப் பாடும்போது குரல் உடைந்து நிறுத்திவிட்டார். திரும்பும்போது ரயிலில், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டிக்கல. இவ்ளோ பனியில இவுங்கல்லாம் எப்படி எந்திரிச்சு வந்தாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். பாட்டு வந்ததும் எங்க அம்மா ஞாபகம் வந்துருச்சு" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைய வகுப்புக்கான படங்களை வெட்ட ஆரம்பித்தார்.

புத்தாண்டு கழிந்ததும் ஒரு புகார் வந்தது. மியோவின் அம்மா கொடுத்த புகார். சாண்டாவோடு படம் எடுக்கவில்லை, பிள்ளையைப் பனியில் அலையவிட்டார்கள், இது உண்மையான கிறிஸ்துமஸ் அல்ல என்று சொல்லி மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். நான் கொதித்துப்போனேன். அக்கா அவர் வீட்டு முகவரி கேட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ என்று பயந்து நானும் கூடப் போனேன். அங்கே தேநீரோடு உட்கார்ந்து, நீங்கள் எதை எதிர்பார்த்து வந்தீர்கள், எனக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டார் அக்கா.

அந்தப் பெண்மணி தன் கதையைச் சொன்னார். சிறுவயதில் அவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அனுமதி இல்லை. அப்பா கண்டிப்பானவர். பள்ளி நூலகத்தில் ஒரு படப்புத்தகம் இருந்தது. அதில் நெருப்பு எரியும் அறை, மரம், வெள்ளைத் தாடித் தாத்தா. அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பாராம். மகளுக்காவது அதை ஒருமுறை நேரில் காட்ட நினைத்தேன் என்றார். அக்கா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தில் இன்னும் என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டார். தேநீர் ஆறிப்போகும்வரை அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து நான் பொருமியபோது அக்கா சொன்னதை எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்திருக்கிறேன். "அவுங்க கேட்டதுல தப்பு இல்ல சுமதி. நானும் ஜப்பான்னா கிமோனோ கட்டுனவங்களத் தேடிக்கினுதான வந்தேன். வந்து பாத்தா எல்லாரும் ஜீன்ஸ் போட்டுக்கினு இருக்காங்க. நான் யாருகிட்ட போயி புகார் குடுத்தேன்?"

மியோ திரும்பி வரவில்லை. மார்ச்சில் ஹராதா அம்மையார் எங்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. என்னை வைத்துக்கொண்டார். சொல்லும்போது அழுதார். அன்று மாலை அக்கா சாமான் கட்டும்போது நான் துணிகளை மடித்துக் கொடுத்தேன். அவர் கவலைப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஊரில் தடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு வடக்கே, கடலோர மீனவர் ஊர் ஒன்றில் மழலையர் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே பல ஆண்டுகள் இருந்தார். நான் ஊர் திரும்பிய பின்னும் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஊர்க் குழந்தைகள் தட்டோடு வீதியில் போகிற படத்தை எனக்கு அனுப்புவார். ஒருவர் உலர்ந்த மீன் திருப்பிக் கொடுத்தார், ஒருவர் முள்ளங்கி கொடுத்தார் என்று கீழே எழுதியிருப்பார்.

அடக்கத்தன்று செம்மண்டலத்து வீட்டில் அவர் மாணவிகள் வாசல் நிறைய நின்றிருந்தார்கள். பிரையனுக்குச் சொல்லியிருந்தேன். தனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் அவர் கற்றுக்கொடுத்தது மட்டும்தான் என்று பதில் அனுப்பியிருந்தார். சேவியருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "எங்ககிட்ட இதெல்லாம் சொன்னதே இல்ல. அவுங்க கேப்பாங்க, அவ்ளோதான். நாங்க யாரும் அவுங்கள எதும் கேட்டதில்ல" என்றார் சேவியர்.

போன வாரம் சிதம்பரத்தில் என் பள்ளிக்கு ஒரு தகப்பனார் வந்தார். நாங்கள் புதிதாக எடுத்திருக்கும் ஆங்கில ஆசிரியை பக்கத்துக் கிராமத்துப் பெண். அவரைப் பார்த்தால் இங்கிலீஷ் டீச்சர் மாதிரியே இல்லை, என் மகளை வேறு வகுப்புக்கு மாற்றுங்கள் என்றார். ஆங்கிலத் துறைத்தலைவியாக நான் சொல்ல வேண்டிய சூடான வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. லூர்து அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது எது என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். "நீங்க எப்படிப்பட்டவங்கள நெனச்சுக்கினு வந்தீங்க? சொல்லுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, சென்னையில் ஒரு நேர்காணலுக்குப் போனபோது தன் ஆங்கிலத்தைக் கேட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்ததைச் சொல்லத் தொடங்கினார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.