பேச்சியக்காவுக்குக் கட்டிய கூடை

புது மூங்கில் கூடைக்கு ஒரு வாடை உண்டு. லேசாக ஈரம், லேசாகப் பச்சை... அதற்குள் ரோஸ் கலர் ஜிகினாத் தாளை விரித்துவிட்டால் ஆபீஸே விசேஷ வீடு மாதிரி ஆகிவிடும்.

எண்பதுகளின் ஆரம்பம். மதுரையில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஒரே மாதத்தில் 'கூடை டிபார்ட்மெண்ட்' என் தலையில் விழுந்தது. யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஆபீஸ் சார்பில் ஒரு கூடை போக வேண்டும். நான்தான் புதுசு. மாட்டேன் என்று சொல்ல முடியாத ஆளும் நான்தான்.

உண்மையைச் சொன்னால், டைப் அடிப்பதைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

கல்யாணமா... தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், கல்கண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பந்து மல்லிகை. பிள்ளை பிறந்த வீடா... துண்டு, வசம்பு, கிரைப் வாட்டர். புது வீடு என்றால் உப்பும் மஞ்சளும் முதலில் ஏற வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ரொட்டி. அதில் தப்பித்தவறிக்கூடப் பூ வரக்கூடாது.

கடைக்கு என்னோடு வருபவர் பேச்சியக்கா. எங்கள் ஆபீஸ் அட்டெண்டர். வயது நாற்பது இருக்கும். வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் அதே ஆபீஸில் வேலை பார்க்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. பழம் பொறுக்குவதில் மகா கெட்டி. அழுகலைக் கடைக்காரர் கை வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கூடை நிறைந்து, கடைசியாகக் குங்குமமும் பூவும் வைக்கிற நேரத்தில் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

"அத நீங்க வைங்கம்மா. என் கை வேணாம்."

ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. அந்தத் தைரியம் அப்போது எனக்கு இல்லை.

பேச்சியக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான். பத்தாவது பாஸ் பண்ணினால் கிளார்க் ஆகலாம். வீட்டில் உட்கார்ந்து தானாகப் படித்து மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் இங்கிலீஷ் காலை வாரியது. நாலாவது முறை எழுதப் போகும்போது, "இதுதாம்மா கடேசி. இதுவும் போச்சுன்னா காலம் பூரா டீ வாங்கிக் குடுத்துட்டு இருக்க வேண்டியதுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிசல்ட் எதிர்பார்த்ததற்கு ஒரு நாள் முன்னதாகவே சாயங்காலப் பேப்பரில் வந்துவிட்டது. அக்கா தபால் கொடுக்க வெளியே போயிருந்த நேரம். அவருடைய நம்பர் எங்கள் எல்லோருக்குமே மனப்பாடம். சூப்பிரண்டு சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்...

இருந்தது.

"ஏம்மா, பேச்சி வாரதுக்குள்ள ஒரு கூடை கட்டிரு" என்றார் சார்.

எதிர்க்கடைக்கு ஓடினேன். அங்கே போய் நின்றால் கை ஓடவில்லை. பரீட்சை பாஸ் பண்ணிய அட்டெண்டருக்கு என்ன வைப்பது? பூ வைத்தால் அவர் மனசு நோகுமோ... குங்குமம் வேண்டாம்... வெற்றிலை பாக்கு வைக்கலாமா... ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சியதைக் கட்டி மேஜையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்காவே உள்ளே வந்துவிட்டார்.

"யாருக்கும்மா கூடை?"

"நமக்குத் தெரிஞ்சவுகதான்க்கா... பரீட்சைல பாஸாகியிருக்காக."

உள்ளே எட்டிப் பார்த்தார். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, பிஸ்கட். சிரித்துவிட்டார்.

"பாஸானவுகளுக்கா, படுத்துக் கெடக்கவுகளுக்கா? எம்புட்டு நல்ல சேதி... இப்பிடிப் பூ இல்லாம மூளியா அனுப்பலாமா?"

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. கடைக்குப் போய் மல்லிகை, வெற்றிலை பாக்கு, குங்குமம், கல்கண்டு எல்லாம் வாங்கிவந்தார். கூடவே நீல நிறத்தில் ஒரு பேனா. "படிச்சவுகளுக்குப் பேனா இல்லாமயா" என்று அதை நடுவில் நிறுத்தினார். பிறகு வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

குங்குமத்தையும் பூவையும் நான் வைத்தேன். கூடையைத் தூக்கி அவரிடமே நீட்டினேன்.

"இந்தாங்கக்கா. உங்களுக்குத்தான்."

அவருக்கு விளங்கவில்லை. சார் பேப்பரை விரித்துக் காட்டினார். நம்பரின் மேல் விரலை வைத்து, உதடு அசைய மூன்று தடவை படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பேனாவைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குன்னு தெரிஞ்சிருந்தா பூ வைக்கச் சொல்லியிருக்க மாட்டேனேம்மா..."

பதறிப்போய்ப் பூவை எடுக்கக் கை நீட்டினேன். அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இல்ல... வச்சது வச்சதாவே இருக்கட்டும்."

அன்றைக்கு வில்லாபுரம் பஸ்ஸில் பூ வெளியே தெரிய மடியில் கூடையோடுதான் போனார். அடுத்த வருஷம் கிளார்க். என் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி அவருக்கும் ஒரு நாற்காலி. பூவை மட்டும் அவர் தலையில் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கே ஒரு கண்ணி கிள்ளி நானே வைத்துவிட்டிருக்கலாம்... அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இப்போது என் மகள் போனிலேயே கூடை வாங்கி அனுப்புகிறாள். என்ன விசேஷம் என்று அதுவே கேட்கிறது, கூடை ரிப்பன் கட்டி வாசலுக்கே வந்துவிடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் கே.கே. நகரில் ஒரு பேங்க்குக்குப் போயிருந்தேன். கவுண்டரில் எங்கள் தெருப் பெண். கணவர் தவறி ஒரு வருஷம்தான் ஆகிறது. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பேச்சியக்கா இருந்திருந்தால் அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.